விரல் மரத்தவளைச் சோம்பேறி என்று சொல்லாதே!



ஒற்றைத் தலைவலிக்கு மருந்து இருக்கிறது. பலருக்கு அது நல்ல பலனும் தருகிறது. அதை யாரும் மறுக்கவில்லை. அந்த மருந்து உடம்புக்குள் வேறு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியவர்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதுதான் நமது கேள்வி.

அண்மையில் நமது மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு சகோதரி எழுந்து சொன்னார்: "தலைவலி குறைஞ்சிருச்சி. ஆனா கொழுந்து கைக்குத் தெரிய மாட்டேங்குது. விரலெல்லாம் எறும்பு ஊருற மாதிரி இருக்கு." வருடக் கணக்காக முழுப்பேர் வாங்கியவர். இப்போது அரைப்பேர். கங்காணி வைத்த பட்டம், சோம்பேறி. அவர் கையிலிருந்த வெள்ளைக் கடதாசிப் பைக்கற்றில் ஆங்கிலத்தில் கிறுக்கிய ஒரு பெயரும், காலை ஒன்று, இரவு ஒன்று என்பதற்கான அடையாளமும் மட்டுமே இருந்தன. வீட்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்ன பெயர் டொபிராமேட்.

இந்த டொபிராமேட் முதலில் வலிப்பு நோய்க்காக வந்த மருந்து. பிறகுதான் ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கவும் கொடுக்கத் தொடங்கினார்கள். வழக்கமாக இரவில் 25 மில்லிகிராமில் ஆரம்பித்து, வாரத்துக்கு வாரம் கூட்டி, நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் வரை கொண்டு போவார்கள். கை கால் விரல்களில் ஊசி குத்துவது போலவும் மரத்தது போலவும் இருப்பது இதன் அறியப்பட்ட பக்கவிளைவு. 100 மில்லிகிராம் எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது வந்ததாக மருந்து ஆய்வுகளே சொல்கின்றன. பாதிப் பேர்! கந்தோரில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது ஒரு தொல்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுகிறவளுக்கு அது சம்பளம்.

இன்னும் இருக்கிறது. பசி குறையும், உடம்பு மெலியும். தூக்கம் வரும், தலை சுற்றும். பேசும்போது வார்த்தை வாய்க்கு வராது, சொன்னது மறந்து போகும். சரிவான மலையில் கூடையோடு நிற்பவளுக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று துரைமாருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிறுநீரகத்தில் கல் உண்டாகும் வாய்ப்பையும் இம்மருந்து கூட்டுகிறது. அதனால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது டொக்டர் கட்டாயம் சொல்ல வேண்டிய புத்திமதி. சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே குடிப்பது? குடித்தால் எங்கே போவது? மலையில் மலசலகூடம் இல்லாததால், காலையிலிருந்து பின்னேரம் வரை தண்ணீரைத் தவிர்க்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எந்த நிர்வாகமாவது கணக்கு எடுத்திருக்கிறதா? கிலோவுக்கு மட்டும் கணக்கு கிராம் வரை இருக்கிறது. போதாததற்கு இம்மருந்து வியர்வையைக் குறைத்து உடம்புச் சூட்டை ஏற்றவும் கூடும். உச்சி வெயிலில் நிற்பவளுக்கு இதை யார் சொன்னார்கள்?

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் கர்ப்பம். கர்ப்ப காலத்தில் டொபிராமேட் எடுத்தால் பிள்ளை உதடு பிளந்தோ அண்ணம் பிளந்தோ, எடை குறைந்தோ பிறக்கும் ஆபத்துக் கூடுகிறது. சில கருத்தடை மாத்திரைகளின் பலனையும் இது குறைக்கலாம். பிரித்தானியாவில் 2024 ஜூன் மாதம் முதல், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இம்மருந்தைக் கொடுப்பதென்றால் தகுந்த கருத்தடை முறை இருக்க வேண்டும். ஆபத்தை விளக்கி வருடாவருடம் படிவமும் நிரப்ப வேண்டும். நாம் பறித்த தேயிலையைக் குடிக்கிற பெண்ணுக்கு அங்கே விளக்கமும் படிவமும். பறித்தவளுக்கு இங்கே வெள்ளைப் பைக்கற்று!

"பக்கவிளைவைச் சொன்னால் இவர்கள் பயந்து மருந்தை விட்டுவிடுவார்கள்" என்று ஒரு நியாயம் பேசுவார்கள். நடப்பது நேர்மாறானது. சொல்லாமல் விட்டதால்தான், விரல் மரத்ததும் "இது விஷ மாத்திரை" என்று அடுப்பில் போடுகிறார்கள். கைமரப்பு வரலாம், தண்ணீர் குடி, பிரச்சினையென்றால் வா என்று முன்கூட்டியே சொன்னால், அவள் பயப்படாமல் அடுத்த கிளினிக்குக்கு வருவாள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் புரொப்ரனலோல் வேறொரு வகை மருந்து. ஆனால் அதிலும் களைப்பு உண்டு, கை கால் குளிர்வதுண்டு; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. அதனால் டொக்டர் கேட்காவிட்டாலும் இழுப்பு இருப்பதை நாமே சொல்ல வேண்டும். எந்த வருத்தத்துக்கும் பனடோல் நீட்டும் நமது டிஸ்பென்சரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: மாதத்தில் பாதி நாள் பனடோல் விழுங்கினால், அதுவே தலைவலியை நாள்பட்டதாக்கிவிடலாம்.

தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி இந்நாட்டின் அரசகரும மொழி. அது மருந்துப் பைக்கற்றுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே சங்கம் கேட்பது இதுதான்: அரச கிளினிக்கிலும் தோட்ட டிஸ்பென்சரியிலும் மருந்தின் பெயர், அளவு, முக்கிய பக்கவிளைவு மூன்றும் தமிழில் தரப்பட வேண்டும், டொக்டரின் துண்டு கொண்டு வருபவருக்கு, மருந்து உடம்புக்குப் பழகும் வரை, அரைப்பேர் போடாமல் சில்லறை வேலை கொடுக்க வேண்டும், மலைக்குக் குடிதண்ணீரும் மலசலகூடமும் வேண்டும்.

இம்மருந்தை எடுப்பவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே திடீரென்று நிறுத்த வேண்டாம். கொடுத்த டொக்டரிடம் கேட்டே குறைக்க வேண்டும். கர்ப்பம் என்று சந்தேகம் வந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே போய்ச் சொல்லுங்கள். மனம் இருண்டு, சாகலாம் என்ற எண்ணம் வந்தால் வீட்டாரிடம் மறைக்காமல் சொல்லி டொக்டரிடம் போங்கள். கண் திடீரென வலித்துப் பார்வை மங்கினால் கொழுந்து லொறி வரட்டும் என்று நிற்காதீர்கள், அந்த நேரமே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பைக்கற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாதவர்கள் கிளினிக் கொப்பியோடு அதையும் மாதர் சங்கத் தலைவியிடம் கொண்டு வாருங்கள். துண்டு காட்டியும் அரைப்பேர் போட்டால், திகதியையும் மலை நம்பரையும் குறித்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள்.