கூகிள் மேப்புக்கு லாரி ஓட்டத் தெரியாது!

புதுசா ஹெவி லைசென்ஸ் எடுத்த பையன்கிட்ட "ரூட் தெரியுமா தம்பி?"ன்னு கேட்டா செல்போனைத் தூக்கிக் காட்டுறான். தலை நரைச்ச டிரைவர்கிட்ட கேட்டா "மேப்பை நம்புனா ஏரிக்குள்ளதான் நிக்கணும்"ங்கிறார். ரெண்டு கட்சியும் பாதிதான் சரி என்பது என் கட்சி. :-)

பெரம்பலூர், அரியலூர் ரெண்டும் லாரியால் பிழைக்கிற ஊருங்க. அரியலூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். அரசு சிமெண்ட், ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு என்று வரிசையா ஆலைகள். கல்லு உள்ளே போகணும், மூட்டை வெளியே வரணும். எல்லாமே பள்ளிக்கூடப் பிள்ளைங்க சைக்கிள் ஓட்டுற அதே ரோட்டில்தான். இங்கே ஒரு டிரைவர் வழி தவறினா அது அவன் தலைவலி மட்டும் இல்லை.

சரி, மேப்புல என்னதான் பிரச்னை? அது கார் கணக்கு போடுது. நம்ம வண்டியின் உயரம், எடை, எத்தனை சக்கரம் என்று அது கேட்பதே இல்லை. 2015 அக்டோபருக்கு அப்புறம் தயாரான சரக்கு வண்டிகளுக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதபடி வேகக்கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். லோடு ஏத்தினா அந்த எண்பதும் கனவு. அப்போ மேப் காட்டுற நேரத்தை நம்பி ஓனருக்கு "காலையில் வந்துடுவேன்"னு வாக்கு கொடுத்தா, தூக்கத்தை விட்டுத்தான் அதைக் காப்பாத்தணும்.

அடுத்தது சப்வே. விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் அரியலூர் வழியாப் போகுது. ரயில்வே நாடு முழுக்க பல இடங்களில் கேட்டை எடுத்துட்டு உயரம் குறைந்த சப்வே கட்டியிருக்கு. மேப்புக்கு அதுவும் ஒரு ரோடுதான். காருக்குச் சரி. தார்ப்பாய் போட்டுக் கட்டின லாரிக்கு? மழை பெய்ஞ்சா தண்ணி வேற நிக்கும். பின்னாடி பத்து வண்டி ஹாரன் அடிக்க, ரிவர்ஸ் எடுத்துப் பாருங்க, அப்போ தெரியும்.

கார்காரங்களுக்கே இந்த கதின்னா பாருங்க. 2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு எஸ்யூவி, மேப் சொன்ன வழியில் போய் படிக்கட்டில் மாட்டிக்கொண்டது. அதே வருஷம் நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில் பாதியோடு நிற்கும் பாலத்திலிருந்து கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து 3 பேர் இறந்தார்கள். அவங்களும் ஜிபிஎஸ் காட்டின வழியில் போனவங்கதான்.

அதுக்காக மேப்பைத் தூக்கிப் போடச் சொல்லலை. அனுபவஸ்தர்களுக்குத் தெரிஞ்சது அவங்க ஓட்டின ரூட் மட்டும்தான். நேத்து ராத்திரி எங்கே ரோட்டை வெட்டினான்னு மேப்புல தெரிய வாய்ப்பு உண்டு. அதனால் என் யோசனை இதுதான்:

1. வழியை முதல் நாளே முடிவு பண்ணுங்க. அரியலூரிலிருந்து சென்னைக்கு மூணு வழி இருக்கு. பெரம்பலூர் வந்து தேசிய நெடுஞ்சாலை 38 பிடிக்கலாம். விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை என்று போகலாம். ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி வழியா விக்கிரவாண்டி ரோட்டில் ஏறலாம். பெரம்பலூர் வழியில் திருமாந்துறையில் ஆரம்பிச்சு டோல்கேட் வரிசையா வரும். ஆனாலும் புது ஆளுக்கு அதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன். நாலுவழிச்சாலை, ராத்திரியில் ஊருக்குள் புகுந்து திரும்பற வேலை குறைவு.

2. ரெண்டு மேப் வச்சுக்கோங்க. போக்குவரத்து நெரிசலுக்கு கூகிள். சிக்னல் இல்லாத இடத்துக்கு ஓஸ்ம்ஆண்ட். இதில் லாரின்னு தேர்ந்தெடுத்து உயரம், எடையைக் கொடுக்கலாம்.

3. பாலத்தைத் தனியா விசாரிங்க. அணைக்கரையில் 1836-ல் கட்டின கீழணைப் பாலத்தில் கனரக வண்டிகளைப் பல வருஷம் விடாமலே வைத்திருந்தார்கள். மேப்புல கோடு இருக்கு என்பதற்காக எடை தாங்கும் என்று அர்த்தம் இல்லை.

4. வளைவை மனசுல குறிச்சுக்கோங்க. 2025 நவம்பரில் வாரணவாசி வளைவில் சிலிண்டர் லாரி கவிழ்ந்து வெடித்ததை மறந்திருக்க மாட்டீங்க. செல்போன் திரையில் அது ஒரு சின்ன நெளிவுதான்.

5. காகிதத்தையும் பாருங்க. 2021-லிருந்து இ-வே பில்லுக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கு. சுத்திப் போகணும்னா அதையும் சேர்த்து யோசிக்கணும்.

6. செல்போன் கையில் வேண்டாம், ஸ்டாண்டில் இருக்கட்டும். 2020 அக்டோபர் முதல் வழி பார்க்க மட்டும் செல்போனுக்கு அனுமதி உண்டு, அதுவும் கவனம் சிதறாம. குரலைக் கேட்டு ஓட்டுங்க.

இதெல்லாம் டிரைவருக்கு. இனி ஓனருக்கு ஒரு வார்த்தை. டீசல் காசையும் பேட்டாவையும் மேப் காட்டுற மிகக் குறைந்த கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தா, பையன் குறுக்கு வழியில்தான் போவான். எந்த ஆப் இருந்தாலும் சரி. பத்து கிலோமீட்டர் சுத்தினாலும் திட்டு விழாது என்ற தைரியம் அவனுக்கு வேணும். ஸ்டியரிங் அவன் கையில், வழி உங்க கணக்கு நோட்டில் என்றால், விபத்து நடந்தா கேஸ் மட்டும் ஏன் அவன் மேல?

கடைசியா நமக்கு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேணும்னாலும் திருத்தலாம், சப்வே உயரம், பால எடை எல்லாம் எழுத இடம் இருக்கு. ஓஸ்ம்ஆண்ட் படிக்கிறதும் அந்த விவரத்தைத்தான். யாரும் எழுதாத உயரம் அதுக்கும் தெரியாது. உங்க ஊர் சப்வே முன்னாடி உயரம் போட்ட போர்டு இருந்தா, அடுத்த தடவை டீ குடிக்க நிறுத்தும்போது அந்த நம்பரை ஏத்திட்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை. முகம் தெரியாத ஒரு பையன் நட்ட நடு ராத்திரியில் ரிவர்ஸ் எடுக்காம தப்பிப்பான்.

டிஸ்கி: டிராக்டர்காரங்களே, ராத்திரியில் பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டாம கரும்பு லோடோட போறீங்களே, அதை எந்த மேப்பும் காட்டாது சாமி. :-(