கீச்சிடும் பட்டி கூறும் சேதி

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பர் நம் முன்னோர். மோட்டார் வாகனத்துக்கும் இம்மொழி பொருந்தும். காலையில் எஞ்சினை இயக்கியதும் பொனற்றின் கீழிருந்து ‘கீச்’சென்று எழும் ஓசை அத்தகையதொரு மணியோசையே. அதனைக் கேட்டும் கேளாதார்போல் இருந்துவிட்டு, பின்னர் நாம் பட்ட பாட்டை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

எமது கார் இருபது வயதைத் தாண்டியது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டு பெப்ருவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தமையால், நம்மைப்போல் பழைய காரைப் பேணி வருவோர் இந்நாட்டில் அநேகர். அக்கார் மூன்று வாரமாகக் காலைதோறும் கீச்சிட்டது. சில நிமிடங்களில் அடங்கிற்று. நண்பரொருவர், “காய்ந்த சவர்க்காரத் துண்டொன்றைப் பட்டியின் உட்புறத்தில் தேய்த்துவிடுங்கள்” என்றார். தேய்த்தோம். ஓசை நின்றது. நமது கெட்டித்தனத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு கண்டியில் உறவினர் வீட்டுக் கலியாணம். வயது முதிர்ந்த மாமியாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு விடியலிலேயே கொழும்பிலிருந்து புறப்பட்டோம். கடுகண்ணாவை ஏற்றத்தில் பற்றரிக் குறியுள்ள சிவப்பு விளக்கு எரிந்தது. பற்றரி பழுதாகியிருக்கும், கண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலும் செலுத்தினோம். சற்று நேரத்தில் வெப்பமானியின் முள் உச்சிக்குச் சென்றது; ஆவி கிளம்பிற்று. வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் ஊற்றும் எண்ணத்துடன் றேடியேற்றர் மூடியில் கை வைத்தோம். அயலிலிருந்த தேநீர்க் கடைக்காரர் ஓடிவந்து நமது கையைப் பற்றி இழுத்தார். அவர் இழுத்திராவிடில் கொதிநீர் நமது முகத்திலேயே பீறிட்டிருக்கும்.

பொனற்றின் கீழே பட்டி அறுந்து நார்நாராகக் கிடந்தது. முகூர்த்தம் தப்பிற்று. தெருவோரத்தில் வெயிலில் அமர்ந்திருந்த தாயாரைப் பார்த்துவிட்டு, “நோயை விட்டுவிட்டு முனகலுக்கு அல்லவா மருந்து பூசினீர்கள்!” என்றார் எமது இல்லத்தரசியார். அதற்கு நாம் மறுமொழி கூறவில்லை.

எஞ்சினின் சுழற்சியைத் தண்ணீர்ப் பம்பிக்கும், பற்றரிக்கு மின்னூட்டும் மின்பிறப்பாக்கிக்கும் கொண்டுசெல்வது இந்த இறப்பர்ப் பட்டியே. பல கார்களில் குளிரூட்டியையும் ஸ்ரியறிங்கை இலகுவாக்கும் பம்பியையும் சுழற்றுவது இதுவே. பழைய வண்டிகளில் விசிறியையும் சுழற்றியமையால் ‘பான் பெல்ற்’ என்று பெயர் பெற்றது. பட்டி கப்பியை இறுகப் பற்றாமல் வழுக்கும்போது கீச்சொலி எழுகின்றது. வழுக்கினால் சூடேறும், சூடேறினால் இறப்பர் கண்ணாடிபோல் பளபளத்து மேலும் வழுக்கும். சவர்க்காரமும் எண்ணெயும் ஓசையைச் சிறிது நேரம் அடக்குமேயன்றிப் பிடிப்பைக் கூட்டா. மேலும், அவை புழுதியை ஒட்டவைத்துப் பட்டியின் ஆயுளைக் குறைக்கும்.

நோயறிய முதலில் ஓசை எழும் வேளையைக் கவனித்தல் வேண்டும். மழைக்காலக் காலையில் மட்டும் சிறிது எழுந்து மறைந்தால் ஈரப்பதனே காரணமாகலாம். நாள்தோறும் எழுந்தால் அவ்வாறு எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. முன்விளக்குகளையும் குளிரூட்டியையும் போட்டதும், அல்லது வேகத்தைக் கூட்டியதும் அலறினால், பட்டி தளர்ந்ததென்றோ தேய்ந்ததென்றோ ஐயுறலாம்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. எஞ்சின் ஓடுகையில், சற்று விலகி நின்று, பட்டியின் உட்புறத்தில் சிறிது தண்ணீரைத் தெளிக்க வேண்டும். ஓசை கூடினால் இறுக்கம் போதாது. ஓசை சற்று அடங்கி மீண்டும் எழுந்தால் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லையெனக் கொள்ளலாம். எவ்வித மாற்றமும் இல்லையாயின், கப்பியொன்றின் பெயாரிங் தேய்ந்திருக்கக்கூடும்; அதனைக் கராஜில் காட்டுவதே முறை. இச்சோதனையின்போது சேலைத் தலைப்பும், கழுத்துப்பட்டியும், நீண்ட கூந்தலும் பட்டிக்கு அருகே செல்லலாகாது. குழந்தைகளை அப்பால் நிறுத்துக.

பின்னர் எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆறியபின் பட்டியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வெடிப்பு, பிய்ந்த ஓரம், பளபளப்பு, எண்ணெய்க் கறை ஆகியவற்றுள் எது காணப்படினும் புதிய பட்டி பூட்டுவதே தக்கது. இக்காலத்துப் பட்டிகள் பல பழையனபோல் வெடித்துக் காட்டாமல், டயரைப்போல் தேய்ந்துகொண்டே போகும். ஆகையால் வெடிப்பில்லை என்று மகிழ்ந்துவிடலாகாது. எண்ணெயோ குளிராக்கும் நீரோ ஒழுகிப் பட்டியை நனைத்திருந்தால், முதலில் ஒழுக்கை நிறுத்த வேண்டும். இன்றேல் புதிய பட்டிக்கும் அதே கதிதான்.

பட்டி நல்ல நிலையிலிருந்து தளர்வு மட்டுமே குறையாயின், இறுக்கினாற் போதும். பழைய வண்டிகளின் ஆப்புவடிவப் பட்டியை, இரு கப்பிகளுக்கு இடைப்பட்ட நீண்ட பகுதியின் நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமிழ வேண்டும்; சரியான அளவை அவ்வண்டியின் கைந்நூல் கூறும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் மின்பிறப்பாக்கியினதும் தண்ணீர்ப் பம்பியினதும் பெயாரிங்குகள் கெடும். சில நாள் ஓடியபின் புதிய பட்டி சற்று நீளுமாதலின் மீண்டும் ஒருமுறை பார்ப்பது நலம். புதிய வண்டிகள் பலவற்றில் பட்டியைத் தானே இறுக்கும் கருவி உண்டு. அது தளர்ந்திருந்தால் பட்டியை மாத்திரம் மாற்றுவதாற் பயனில்லை.

பயணத்தினிடையே பற்றரி விளக்கும் வெப்பமானி முள்ளும் சேர்ந்து எச்சரித்தால், உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுக. றேடியேற்றர் மூடியை முற்றாக ஆறும்வரை தொடற்க.

கண்டியிலிருந்து வந்த தொழிலாளி, இறுக்கும் ஆணி தளர்ந்திருந்ததைக் காட்டினார். மூன்று வாரங்களுக்கு முன்னரே அதைத் திருகியிருந்தால் பத்து நிமிட வேலையாய் முடிந்திருக்கும். மாமியாரோ மணமக்களை மறுநாள்தான் வாழ்த்தினார். இப்பொழுதெல்லாம் காலையில் எஞ்சின் இயங்கியதும் வீட்டு வாசலில் நின்று முதலில் செவிசாய்ப்பவர் அவரே.