கருவி புதையலாம், கணக்குப் புதையக் கூடாது

எமது தோட்டப்புறங்களில் இன்று பழைய கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கொழும்பில் கடை வேலை செய்யும் தம்பி மாற்றிவிட்டுத் தந்த ஸ்மார்ட் போன், மத்திய கிழக்கிலிருந்து அக்கா கொண்டுவந்த டெப், அப்பாவின் சட்டைப்பையில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் பட்டன் போன் என்று ஒரே லயத்துக் காம்பராவில் இரண்டு மூன்று இருக்கும். நன்கொடைப் பெட்டிகளில் சிலவேளை இருபத்தைந்து ஆண்டுப் பழைய பாம் பைலட், சையன் போன்ற சட்டைப்பைக் கணினிகளும் வந்துவிடுகின்றன. இளைஞர் குழுக்களும் மாதர் சங்கங்களும் சிறுசேமிப்புக் குழுக்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எமது அன்றாட வேலைக்கு இவற்றில் எதை வைத்துக்கொள்வது?

விலை, வேகம், திரையின் அளவு ஆகியவற்றைப் பார்த்து விடை சொல்வது கடைக்காரரின் வழக்கம். ஒரு சமூகத்தின் கணக்கை வைத்திருக்கப் போகும் கருவிக்கு அது போதாது. இக்கருவி நாளை இல்லாமற் போனால் எம்மிடம் என்ன மிஞ்சும் என்று முதலில் கேட்க வேண்டும். இதனை நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் எமது ஊவா மாகாணத்திலேயே இருக்கிறது.

மீரியபெத்த கற்பித்த பாடம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. நாடே கேட்ட முதல் கேள்வி, "உள்ளே எத்தனை பேர்?" என்பதாகும். உறுதியான விடை சொல்ல எவராலும் முடியவில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். நாள் செல்லச் செல்ல அந்த எண்ணிக்கை இறங்கி, இறுதியில் நாற்பதுக்குள் வந்து நின்றது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். பெரியவர்கள் சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள். இன்ன காம்பராவில் இன்னார் இருந்தார் என்று காட்டும் பட்டியல் ஒன்று, மண்ணுக்கு வெளியே, உடனே எடுக்கக்கூடிய இடத்தில் இருந்திருந்தால் அந்தத் தடுமாற்றம் பெரிதும் குறைந்திருக்கும்.

தோட்டத்துச் செக்ரோல் இதற்குப் போதாது. அதில் பேர் பதிந்து வேலை செய்பவர்கள் மட்டுமே இருப்பார்கள். ஓய்வு பெற்ற பாட்டியும், பிள்ளை மடுவத்தில் இருக்கும் குழந்தையும், வெளியில் தொழில் செய்து வார இறுதியில் வீடு வரும் மகனும் அதில் இல்லை. ஆகவே குடும்பப் பட்டியல் என்பது மக்கள் தாமே வைத்திருக்க வேண்டிய கணக்கு. கொழுந்துக் கணக்கு, சேமிப்புக் கணக்கு, மழைக் கணக்கு ஆகியனவும் அவ்வாறானவையே. இந்த நான்கு வேலைகளையும் மனதில் வைத்து, எமது கையிலுள்ள கருவிகளைச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

பழைய சட்டைப்பைக் கணினிகள்

1996இல் முதன்முதல் வந்த பாம் பைலட்டுக்கும், அக்காலத்து சையன் கணினிகளுக்கும் ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. கடையில் வாங்கும் இரண்டு சிறு பெட்டரிகளில் அவை வாரக்கணக்கில் ஓடும். மின்சாரம் அடிக்கடி போகும் மலைக்கு இது பெரிய வசதியே. ஆனால் குறைகள் மூன்று.

முதலாவது, எழுதியவை யாவும் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் தங்குகின்றன. பெட்டரியை முற்றாக இறங்க விட்டால் கணக்கும் போய்விடும். 2005க்கு முன் வந்த மைக்ரோசொப்ட் பொக்கட் பீசீ கருவிகளின் நிலையும் இதுதான். இரண்டாவது, உள்ளே எழுதியதை வெளியே எடுக்க அதற்கென்றே உள்ள வயரும், அதே காலத்துக் கணினியும் மென்பொருளும் வேண்டும். அவை இன்று எங்கே கிடைக்கும்? மூன்றாவது, அவை தமிழில் எழுதுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பாம் கருவியில் பேனையால் எழுதும் முறைகூட ஆங்கில எழுத்துகளுக்காக அமைந்தது.

இந்த மூன்றாவது குறையைச் சிறிதாக எண்ணக் கூடாது. லெட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு பேர் எழுதினால் நான்கு விதமாக வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர், சேமலாப நிதிப் பத்திரத்தில் இன்னொரு பெயர் என்று அலைந்த மக்கள் நாம். எமது கணக்கிலும் அதே குழப்பத்தை ஏன் நாமே விதைக்க வேண்டும்?

ஏழைகளுக்கென்றே ஒரு சட்டைப்பைக் கணினியை அமைக்க இந்தியாவில் முயன்றார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனப் பேராசிரியர்களும் பொறியியலாளர்களும் சேர்ந்து உருவாக்கிய சிம்பியூட்டரின் முதல் மாதிரி 2001இல் வெளிவந்தது. 2004இல் சந்தைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவு அது விற்கவில்லை. மலிவான கையடக்கத் தொலைபேசி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் அதிலிருந்த ஒரு சிந்தனை இன்றும் பயனுள்ளது. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி இருக்கும். ஆளுக்கொரு சிறு அட்டை இருக்கும். அவரவர் விபரம் அவரவர் அட்டையில் தங்கும். கருவி பொதுவானது, கணக்கு அவரவர்க்குச் சொந்தம். இதை நாம் மறக்கலாகாது.

பட்டன் போனா, பழைய ஸ்மார்ட் போனா?

பட்டன் போன் ஒரு முறை சார்ஜ் செய்தால் பல நாட்கள் நிற்கும். மழையிலும் இருட்டிலும் அழைப்பு எடுக்கலாம்; பலவற்றில் டோர்ச்சும் வானொலியும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத மூத்தவருக்கும் அது பழகிய கருவி. ஆனால் எண்பது குடும்பங்களின் பட்டியலை அதில் வைத்துத் திருத்த முடியாது.

பழைய ஸ்மார்ட் போனில் தமிழில் எழுதலாம். கொப்பியின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பலாம். ஆயினும் பெட்டரி தளர்ந்து ஒரு நாள்கூடத் தாங்காது. மிகப் பழைய போன்களில் தமிழ் எழுத்து வெறும் பெட்டிகளாகத் தெரியும். ஆண்ட்ராய்ட் 5க்கு முந்திய போன்களில் 2023 ஒக்டோபரின் பின் வட்ஸ்அப் இயங்குவதில்லை. எனவே வாங்குமுன், அல்லது இனாமாக ஏற்குமுன், தமிழ் தெரிகிறதா, படம் எடுத்து அனுப்ப முடிகிறதா, பெட்டரி மாலைவரை தாங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிறர் கை மாறி வந்த போனை முழுவதும் அழித்துவிட்டே பயன்படுத்த வேண்டும்; எமது போனைக் கொடுக்கும்போதும் அவ்வாறே.

எமது பரிந்துரை இதுதான். குடும்பப் பட்டியலுக்கும் சேமிப்புக்கும் தாய்க் கணக்கு ஒரு சீ.ஆர். கொப்பியில், தமிழில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை பட்டியலைத் திருத்தி, ஸ்மார்ட் போனில் படம் பிடித்து, சரிவு அபாயமில்லாத இரண்டு இடங்களிலுள்ள நம்பிக்கையானவர்களுக்கு அனுப்புங்கள். பெயர், வயது, காம்பரா இலக்கம், நடக்க முடியாதவர் யார் என்ற விபரம் போதும். அடையாள அட்டை இலக்கமும் நோய் விபரமும் ஊரெல்லாம் சுற்ற வேண்டியதில்லை. சேமிப்புக் கணக்கின் பிரதி அங்கத்தவர் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். கொழுந்து நிறுத்த கிலோவை ஒவ்வொரு பெண்ணும் தன் சிறு கொப்பியில் எழுதிவைத்து, சம்பளத் துண்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பட்டன் போன் எச்சரிக்கைக்காக எந்நேரமும் சார்ஜோடு இருக்கட்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி வந்தபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போனதைக் கண்டோம். எனவே போனுக்குத் துணையாக ஒரு மணியோ ஊதுகுழலோ லயத்தில் இருப்பது அவசியம்.

இரண்டு மூன்று கருவிகளை இப்படிச் சேர்த்து வைப்பது புதிய யோசனை அல்ல. ஆழிப்பேரலைக்குப் பின் சர்வோதய இயக்கமும் லேர்ன் ஏசியா நிறுவனமும் 32 கரையோரக் கிராமங்களில் ஐந்து வகைக் கருவிகளை, தனித்தும் சேர்த்தும், ஒப்பிட்டுப் பார்த்தன. கருவியோடு மக்களுக்குப் பயிற்சியும் கிராமத்துக்கு ஓர் அவசரத் திட்டமும் அம்முயற்சியில் இடம்பெற்றன. கருவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் எமது பழக்கத்தை இத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்போமாக.

மழைக் கணக்கு

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருங்கள்; 100 ஆனால் வெளியேற ஆயத்தமாகுங்கள்; 150 ஆனால், அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தால், வெளியேறுங்கள் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். மழைமானி இல்லாவிட்டால், நேர்ச்சுவருள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தாலே போதிய மதிப்பீடு கிடைக்கும். ஆனால் அளந்தவர் யாருக்குச் சொல்வார்? நள்ளிரவில் "எழும்புங்கள்" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா? இதை முன்கூட்டியே லயத்தார் கூடித் தீர்மானிக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் எல்லாப் போன்களிலும் பதிந்திருக்க வேண்டும்.

"கொப்பியும் டின்னுமா? உலகம் எங்கேயோ போகிறது!" என்று எமது இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எமது பிள்ளைகளுக்கு நல்ல கணினிகள் வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்போம். ஆனால் படிப்பதற்கான கருவி வேறு, ஒரு சமூகத்தின் நினைவைக் காக்கும் ஏற்பாடு வேறு. முன்னையது புதிதாக இருப்பது நல்லது. பின்னையது எவருக்கும் விளங்குவதாக, எளிதில் பிரதி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மீரியபெத்த அபாயப் பகுதி என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவிப்பு இருந்தது, போவதற்குக் காணியும் வீடும் இருக்கவில்லை. எந்தக் கருவியும் அவற்றைத் தராது. ஆனால் திகதியிட்ட மழைக் கணக்கும், வெடிப்பு விழுந்த சுவரின் படமும், அபாயத்தில் வாழும் குடும்பங்களின் பட்டியலும் கையில் இருந்தால், பிரதேச செயலகத்திலும் தோட்ட நிர்வாகத்திடமும் நாம் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. கேட்டதற்குச் சான்று இருக்கும். கேளாதது போல் இருந்தவர்களுக்கும் அது சான்றாகும்.

ஐப்பசி மழைக்கு முன்னரே ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் இந்தப் பட்டியலை எழுதத் தொடங்கட்டும். ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு மாலை நேரம் போதும். எந்தப் போனில் படம் பிடிப்பது என்பதை அதன் பின் பேசிக்கொள்ளலாம்.