சிக்கனம் வேற, கஞ்சத்தனம் வேற

ஆர்சி கார் பாடிக்கு ஹார்டுவேர் கடை ஸ்ப்ரேயே போதும்னு அடிச்சு விடுற புண்ணியவான்களே, கொஞ்சம் நில்லுங்க. அது பாலிகார்பனேட் ஐயா! முட்டினா வளையும். சாதா பெயின்ட் வளையாது, செதில் செதிலா உதிரும். உங்க பேச்சைக் கேட்டு, ஆறு மாசம் காசு சேத்து வாங்கின என் பாடி முதல் மோதல்லயே சொறி புடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

மிச்சம் பிடிக்க வேற வழியா இல்லை? ஏர்பிரஷ் வேணாம். டாமியா பிஎஸ் டப்பா ஒண்ணு போதும் (டிஎஸ் வாங்கிடாதீங்க, அது ஸ்டைரீனுக்கு). பாத்திர சோப்புல கழுவி, காயவிட்டு, கண்ணாடிப் பகுதிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, உள்பக்கமா மெல்லிசா நாலு தடவை அடிங்க. ரெண்டு நிறம்னா அடர்நிறம் முதல்ல.

நிறத்தைக் குறைங்க சாமி, பெயின்ட்டை மாத்தாதீங்க!