'த்ரீ டி' யாருக்கு வைத்த பெயர்?

கேலிப்பெயர்களை இரசிகர்களே படைக்கிறார்கள் என்று நம்புகிறோம். கால்பந்து உலகில் இதற்குச் சான்றாகக் காட்டப்படுபவர் இங்கிலாந்து அணியின் பயிற்றுநராக இருந்த கிரகாம் டெய்லர். 1992 ஐரோப்பியக் கோப்பையில் சுவீடனிடம் 2-1 என்று தோற்றபின் அவர்மேல் ஒட்டிய 'டர்னிப்' என்ற பெயர் கடைசிவரை உதிரவில்லை. ஆனால் அதைச் சூட்டியது அரங்கில் இருந்த கூட்டம் அன்று. 'தி சன்' நாளேடு. சுவீடன் நாட்டவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒரு கிழங்குக்கும் பெயர். ஆகவே தோற்றவர்கள் இன்னொரு கிழங்கானார்கள். இரசிகர்கள் அதைக் கூவினார்கள், அவ்வளவே.

நம் பக்கத்துக் கதை இதனினும் விந்தையானது. சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழும் தெலுங்கும் ஒரே மேசையில் தேநீர் அருந்துகின்றன. அங்குக் கிரிக்கெட் பேச்செடுத்தால் 'த்ரீ டி' என்ற பெயர் இன்றும் அடிபடும். அது தமிழ்நாட்டு ஆட்டக்காரர் விஜய் சங்கரைக் குறிக்கும். சொல்பவர் எவரும் அது எப்படிப் பிறந்தது என்று எண்ணிப்பார்ப்பதில்லை.

2019 ஏப்ரல் 15 அன்று உலகக் கோப்பைக்கான அணி அறிவிக்கப்பட்டது. அம்பட்டி ராயுடுவை விடுத்து விஜய் சங்கரை எடுத்ததற்குக் காரணம் கேட்டபோது, அவர் மூன்று பரிமாணங்களைத் தருகிறார் என்றார் தேர்வுக்குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத். மட்டையாட்டம், பந்துவீச்சு, களத்தடுப்பு என்பது பொருள். மறுநாள் ராயுடு, உலகக் கோப்பையைக் காணப் புதிய முப்பரிமாணக் கண்ணாடி வாங்கப் பதிவு செய்துவிட்டதாக ட்விட்டரில் எழுதினார். அதில் எவர் பெயரும் இல்லை.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுக்கும். வெளிப்படையாக வைவது முன்னது. பழியை மறைத்து மொழிவது பின்னது. 'டர்னிப்' செம்பொருள், யாரைச் சொன்னார்கள் என்பதில் ஐயமே இல்லை. ராயுடு செய்தது பழிகரப்பு. குறி தேர்வாளரின் சொல்தான். ஆனால் பெயர் சொல்லாத ஏளனத்தில் குறியின் இடம் வெற்றிடமாக நிற்கிறது. கூட்டம் அந்த இடத்தில் கைக்கெட்டியவரை நிறுத்திவிட்டது. திருமலையில் நெஞ்சுருகி எழும் 'கோவிந்தா' தமிழ்ப் பேச்சு வழக்கில் கைநழுவிய பணத்துக்கு ஆகிவருவதில்லையா? சொல் கைமாறும்போது பொருளும் மாறும். இங்கே ஆளே மாறிவிட்டார்.

'உங்கள் த்ரீ டி' என்று தெலுங்கு நண்பர்கள் சீண்டும்போதெல்லாம், தேர்ந்தவர், விடுபட்டவர் இருவருமே உங்கள் குண்டூர்க்காரர்கள்தாம் என்று நான் விடையிறுப்பதுண்டு. சிரிப்பார்கள், பெயரை மட்டும் விடமாட்டார்கள். தமிழ் இரசிகர்களும் குறைந்தவர்கள் அல்லர். நகைப்படங்களில் அப்பெயரை அதிகம் பரப்பியதில் நமக்கும் பெரும் பங்குண்டு.

இரசிகர் எள்ளக் கூடாது என்பது என் வாதம் அன்று. பணமும் பொழுதும் செலவிட்டுப் பார்ப்பவருக்கு அந்த உரிமை உண்டு. டெய்லர் பதவியில் இருந்தவர். அணியைத் தேர்ந்தவரும் அவரே. எள்ளல் சென்றடைய வேண்டிய இடத்தைத்தான் சென்றடைந்தது, அதன் கொடுமை வேறு செய்தி. விஜய் சங்கரோ தம்மைத் தாமே தேர்ந்துகொள்ளவில்லை. முப்பரிமாணம் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பிறர் சொன்ன புகழ்மொழியும் பிறர் செய்த பகடியும் ஒருசேர அவர் தலையில் இறங்கின.

அந்த உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக, காயமுற்ற புவனேஷ்வர் குமார் பாதியில் விட்ட ஓவரை முடிக்க வந்தவர் அவர். வீசிய முதல் பந்திலேயே இமாம் உல் ஹக்கை வீழ்த்தினார். மூன்று ஆட்டங்கள் ஆடியபின் கால்விரல் காயத்தோடு திரும்பினார். இந்திய அணிக்கு அதன்பின் அவர் ஆடவில்லை. அந்த முதல் பந்தை நினைவூட்டும் பெயர் ஒன்றை எந்த இரசிகரும் அவருக்குச் சூட்டியதாகத் தெரியவில்லை.