நலங்கு எங்கே போயிற்று?

பொங்கல் விடுமுறைக்குப் புனேயிலிருந்து வந்த என் மகள், "அப்பா, என் கல்யாண வீடியோவில் அம்மா நலங்குப் பாட்டுப் பாடுவாங்களே, பிள்ளைகளுக்குக் காட்டணும்" என்றாள். கல்யாணம் நடந்தது 2005-ல். என் மனைவி இப்போது இல்லை. அவள் பாட்டு பதிவாகியிருப்பது அந்த ஒரு டிவிடியில்தான்.

எனக்குக் கவலையே இல்லை. ரயில்வேயில் 36 வருஷம் உழைத்த டிப்ளமோக்காரன் ஓய்வு பெற்றபின் சும்மா இருப்பானா? வீட்டிலுள்ள டிவிடிகளையெல்லாம் ஐஎஸ்ஓ கோப்புகளாக எடுத்து ஒரு சிறிய கணினியில் போட்டு வைத்திருக்கிறேன். அதுதான் எங்கள் வீட்டு மீடியா சர்வர். ஹாலிலுள்ள டிவியில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பெருமையாக ரிமோட்டை அழுத்தினேன். முகூர்த்தம் ஓடியது. அது முடிந்ததும் படமும் நின்றுவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு இல்லை, நலங்கு இல்லை, வரவேற்பும் இல்லை. "டிஸ்க் கெட்டுப் போயிருக்கும்" என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மகள் முகம் வாடிவிட்டது.

கெடவில்லை ஐயா! அதே கோப்பைக் கணினியில் விஎல்சியில் திறந்தேன். வீடியோக்காரர் அன்று போட்டுக் கொடுத்த மெனு நான்கு தலைப்புகளோடு அப்படியே வந்தது. மூன்றாவதை அழுத்தினேன். அவள் பாடினாள்.

நடந்தது இதுதான். ஐஎஸ்ஓ என்பது ஒரு படம் அல்ல. முழு டிஸ்க்கின் நகல். அதற்குள் விஓபி கோப்புகளில் காட்சியும் ஒலியும் இருக்கும். எது எங்கே என்ற அட்டவணை ஐஎஃப்ஓ கோப்புகளில் இருக்கும். பல சர்வர்கள் மெனுவைப் பார்ப்பதில்லை. இருப்பதில் நீளமான பகுதியே படம் என்று எடுத்துக்கொள்கின்றன. சினிமா டிஸ்க்குக்கு அது சரி. நம் வீட்டு விசேஷத்துக்குச் சரிவராது. பிளெக்ஸ் ஐஎஸ்ஓவை ஏற்பதே இல்லை. ஜெல்லிஃபின் ஏற்றாலும் மெனு வராது. கோடியில் மெனு வரும்.

"ஐஎஸ்ஓ பழைய சமாசாரம், மாற்றிவிட்டுத் தூக்கி எறியுங்கள்" என்பது இளைஞர்கள் கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. அவசரத்தில் மாற்றியவர் முகூர்த்தத்தை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை அழித்திருந்தால் யாருக்குத் தெரியும்? "ஐஎஸ்ஓ ஒன்றே போதும்" என்று பூட்டி வைப்பதும் தப்பு. டிவியில் வராததைப் பேரப்பிள்ளைகள் பார்க்கப் போவதில்லை.

நமது இத்வாரியில் அகலப்பாதையும் 762 மில்லிமீட்டர் நேரோ கேஜும் சந்தித்த காலம் மூத்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். கேஜ் மாறுமிடத்தில் மூட்டையை ஒரு வேகனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவோமே தவிர, மூட்டையைப் பிரிக்க மாட்டோம். மேக்எம்கேவி என்ற மென்பொருள் செய்வதும் இதே வேலைதான். டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி எம்கேவி கோப்பாக, காட்சியின் தரம் சிறிதும் குறையாமல் மாற்றித் தரும். ஒரு எச்சரிக்கை: 120 விநாடிக்குக் குறைந்த பகுதிகளை அது தானாகவே விட்டுவிடும். அந்த அளவை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏற்றுவதோ மூட்டையைப் பிரித்து, அமுக்கி, மறுபடி கட்டுவது போல. தரம் குறையும்.

ஆக, பார்ப்பதற்கு எம்கேவி, பத்திரத்துக்கு ஐஎஸ்ஓ. இரண்டும் வேண்டும். ஒரு சாதாரண டிவிடி 4.7 ஜிபி, ஒரு டெராபைட் டிஸ்க்கில் இருநூறு அடங்கும். இடம் இல்லை என்று சொல்ல முடியாது. (கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்குகளின் பூட்டும் சட்டமும் வேறு விஷயம். நான் சொல்வது நம் சொந்தப் பதிவுகளை.)

இனி நமது சங்கத்துக்கு வருகிறேன். நூலக அலமாரியில் பொங்கல் விழா, பட்டிமன்றம், நாடகம் என்று எத்தனை டிவிடிகள் தூங்குகின்றன! இவ்வகை டிஸ்க்கில் பதிவு நிற்பது ஒரு மெல்லிய சாயப் பூச்சில். வெப்பமும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. நாக்பூரில் மே மாதத்தில் 45 டிகிரி. நான் சொல்லவும் வேண்டுமோ?

கணினி வேலையை இளைஞர்கள் ஒரே மாதத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவர் யார், முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று எழுதி வைக்க அவர்களால் முடியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். நம்மில் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வருகிறோம் என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை.

செயற்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கட்டும். கணினியையும் டிஸ்க் டிரைவையும் நான் கொண்டு வருகிறேன். அன்பர்கள் வீட்டு டிஸ்க்குகளையும் எடுத்து வாருங்கள். அதுவரை, டிவியில் தெரியவில்லை என்பதற்காக எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.