சான்றொப்பமிட்ட அழுகை

வங்கியில் என் மேஜைக்கு வரும் நகல்களில் சொந்தக்காரர் தாமே கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆகி வருஷங்களாகிவிட்டன. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அசல் பையில் இருக்கும். அதைக் காட்டக் கூச்சம். யாரோ ஒரு அதிகாரியின் பச்சை மசிக் கையெழுத்தோடு நகலை நீட்டுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். 2025 மார்ச் 8ந் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்ஃபனியை வாசித்தபோது நம் பத்திரிகைகளில் வந்ததைப் படித்ததும் அந்தப் பச்சை மசிதான் நினைவுக்கு வந்தது. நான் படித்தவற்றில் இசையைப் பற்றி ஒரு வாக்கியம் தேறவில்லை. எத்தனை நாளில் எழுதினார், எந்த ஊர் அரங்கம், எத்தனை கைதட்டல். இவ்வளவுதான். இதில் புதுமையும் இல்லை. 1993இல் இதே ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து அவர் பதிவு செய்த சிம்ஃபனி வெளியிடப்படவே இல்லை. யாரும் கேட்காத அந்த இசையை முப்பது வருஷமாகப் புகழ்ந்து வந்திருக்கிறோம். காதுக்கு அங்கே வேலை இருந்ததா?

எனக்கு இளையராஜாவிடம் சண்டை இல்லை. என் சண்டை மசியோடு.

2005ஆம் வருஷத்து இரண்டு இசைத்தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். மே மாதம் வந்தது 'லிஹ்ட்கெஷ்டால்ட்'. லாக்ரிமோசா என்ற குழுவினுடையது. ஜெர்மனியில் பிறந்து சுவிட்சர்லாந்தில் இயங்கும் டீலோ வோல்ஃப் 1990இல் தனியாளாக ஆரம்பித்தது. கோதிக் மெட்டல் என்று இந்த வகைக்குப் பெயர். இங்கிலாந்தில் பாரடைஸ் லாஸ்ட் என்ற குழு 1991இல் 'கோதிக்' என்று ஒரு தட்டு போட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. மெதுவாக நகரும், கரகரப்பேற்றிய கனத்த கிடார். மேலே வயலின் கூட்டமும் தேவாலய ஆர்கனும். விஷயம் பெரும்பாலும் சாவு, பிரிவு, கடவுள் வராமல் போவது. இந்தத் தட்டின் கடைசியில் 'ஹோஹெலீட் டேர் லீபெ' என்று ஒரு நீண்ட பாட்டு. வாசகம் வோல்ஃபுடையதல்ல. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரம், ஜெர்மனில். ஜெர்மன் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அதிகாரம் தெரியும். ராயப்பர் பெயரால் விளங்கும் எங்கள் ராயபுரத்தில் கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போன எவருக்கும் தெரியும்.

ஜூன் முடிவில் 'திருவாசகம்' வந்தது. தமிழ் மையம் முன்னின்று செய்தது. புடாபெஸ்ட் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா. ஆக, ஒரே வருஷத்தில் இரண்டு பேர், தங்கள் பாஷையின் வேத வாக்கை எடுத்து ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராவின் நடுவில் நிறுத்தினார்கள். ஒப்பிடத்தானே வேண்டும்? நான் பார்த்த வரையில் யாரும் ஒப்பிடவில்லை. ஒருவர் மாணிக்கவாசகர், மற்றவர் கறுப்புச் சட்டைப் பையன்களின் பாடகர் என்று ஒதுக்கிவிட்டோம்.

வோல்ஃபைத் தூக்கிப்பிடிக்க இதை எழுதவில்லை. அவருக்குப் பாடகர் என்று சொல்லத்தக்க குரல் இல்லை. மேல் ஸ்தாயியில் சுருதி தடுமாறும். அட்டைகளில் கறுப்பு வெள்ளைக் கோமாளியும் சோக நாடகமும் சில சமயம் சிரிப்பை வரவழைக்கின்றன. ஆனால் அந்த 13ஆம் அதிகாரத்தில் ஒன்று நடக்கிறது. ஜெர்மன் சொற்களின் முடிவில் நிற்கும் வல்லொற்றுகள் எங்கே விழுகின்றனவோ அங்கே வாத்தியங்கள் விழுகின்றன. வாக்கியம் முடியாமல் இசை முடிவதில்லை. ஆர்க்கெஸ்ட்ரா பாஷைக்குக் கூலி வேலை செய்கிறது. கேட்கிறவனுக்குப் புரியுமா என்ற கவலை அங்கே கிடையாது.

'திருவாசக'த்தில் எனக்குப் பிடித்த இடம் 'முத்து நற்றாமம்'. திருப்பொற்சுண்ணம் பெண்கள் வாசனைப் பொடி இடிக்கும் பாட்டு. உலக்கையின் தாளம் செய்யுளிலேயே இருக்கிறது. ராஜா அதைத் தொலைக்கவில்லை. மேநாட்டு வாத்தியங்களும் நம் உரலைச் சுற்றி வந்துதான் தீரவேண்டும் என்று அங்கே ஆகிவிடுகிறது. இந்த வலிமை அவருக்கு உண்டு என்பதால்தான் 'பொல்லா வினையேன்' என்னைக் கோபப்படுத்துகிறது. சிவபுராணத்தில் ஒரு மனிதன் தன்னை நாயினும் கீழாக்கிக்கொண்டு அழுகிறான். அழுகை ஏறி வருகிற நேரத்தில் அமெரிக்கரான ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் வருகின்றன. தேர்ந்த பாடலாசிரியர், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆங்கிலம் யாருக்காக? அழுகிறவன் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்று, இவர் தாம் தாழ்ந்தவர் என்கிறார் ஐயா, என்று சபைக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறது. பெயரையும் பாருங்கள். செய்திருப்பது ஓரடோரியோ. விற்ற சொல் சிம்ஃபனி.

வோல்ஃபும் ஆங்கிலத்தில் பாடல் போட்டிருக்கிறாரே என்பீர்கள். உண்மை. 1999இல் லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவோடு அவர் செய்த 'எலோடியா' ஒரு காதல் செத்துப்போவதை மூன்று அங்கங்களில் சொல்வது. அதில் பின்லாந்துக்காரரான ஆன்னெ நூர்மி ஆங்கிலத்தில் பாடுகிறார். ஆனால் அது இன்னொரு மனுஷியின் குரல், பிரிகிறவள் தரப்பு. ஜெர்மனுக்குப் பொழிப்புரை அல்ல. லண்டன் வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு லண்டனுக்கு விளக்கம் சொல்லாமலிருக்க ஒரு திமிர் வேண்டும். சொந்தமாக ஒரு கம்பெனி நடத்தித் தன் தட்டுகளைத் தானே வெளியிட்டதும் அந்தத் திமிரின் பகுதி. சுயசான்றொப்பம்.

அதே 2005இல் சிங்கப்பூர் ருத்ரா குழு 'பிரம்மவித்யா'வின் முதல் தட்டைப் போட்டது. கதிர் போன்ற தமிழ்ப் பெயர்காரர்கள் இருக்கும் மெட்டல் குழு. பாடியது ஆங்கிலம், நடுவில் சமஸ்கிருத மந்திரம். மசியின் நிறம் வேறு, அவ்வளவுதான்.

இனி நம் கதை. கோதிக் என்று அவர்கள் தேடிப்போகிற சரக்கு வடசென்னையில் வீட்டு வாசலில் கிடக்கிறது. திருவொற்றியூர்க் கடலோரம்தான் பட்டினத்தார் அடங்கிய இடம். தாய்க்குக் கொள்ளி வைத்துக்கொண்டே பாடிய மனிதன் அவர் என்று ஐதீகம். அதற்கு மேல் ஒரு கோதிக் உண்டா? அவர் பாட்டின் வாடை இன்னும் மிச்சமிருக்கிற இடம் ஓதுவார் மேடை அல்ல, சேரிச் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடும் மரண கானா என்பது என் துணிபு. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் மாலரைப் பற்றியும் மொட்சார்ட்டின் 'ரெக்வியம்' பற்றியும் எழுதினோம். நானும் எழுதினேன். லாக்ரிமோசா என்ற பெயரே ரெக்வியத்தின் ஒரு பகுதிப் பெயர் என்று தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் சட்டியையும் கிடாரோடு சென்னை மேடையில் நிறுத்தியபோது என் கண்ணில் பட்ட கட்டுரைகள் அரசியலை எழுதின. நல்லது, எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாளம் எங்கே முறிகிறது, குரல் ஏன் அந்த இடத்தில் பேச்சாகிறது என்று ஒருவரும் எழுதவில்லை. தலித் பாடினால் சமூகவியல், ஜெர்மன்காரர் பாடினால் இசை.

ஆறு வருஷத்துக்கு முன் காசிமேட்டில் என் தாய்மாமன் செத்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கானா வேண்டும் என்று மாமி சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். பேங்க்கிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்ற வெட்கம். மாமி என்னைப் பார்த்த பார்வையில் நான் வெளியே போய் நின்றேன். பத்து மணிக்கு டோலக்கும் புல்புல்தாராவும் வந்தன. பாடுகிறவர் என்னிடம் வந்து, "அண்ணே, மாமா எந்த கேட்டாண்ட வேலை பாத்தாரு?" என்று கேட்டார். ஜீரோ கேட் என்றேன். பிள்ளைகள் பெயர் கேட்டுக்கொண்டார். அரை மணி கழித்து ஜீரோ கேட் பாட்டுக்குள் இருந்தது. லாரிகள் வரிசையில் நிற்க, எமன் மட்டும் பாஸ் இல்லாமல் உள்ளே வந்துவிட்டான். அதுவரை அழாத பெரிய பையன் அங்கே உடைந்தான். டோலக் நின்றது. அவன் அழுது முடிக்கும்வரை புல்புல்தாரா ஒரே சுரத்தில் காத்திருந்தது. பிறகு, விட்ட சொல்லிலிருந்தே பாட்டு எடுத்தது.

அந்தக் காத்திருப்புக்கு நம் விமர்சனத்தில் ஒரு பெயர் இல்லை. 'எலோடியா'வில் இசை அடங்கும் இடங்களைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன், ஒரு இதழுக்காக. அதை அனுப்பவில்லை.